மெஷினில் வராத அண்டா

அன்று பாத்திர அறை வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: மூத்த வீட்டு அருணகிரி, அவர் மனைவி தங்கம்மாள், நடு வீட்டு அப்பாசாமி, கடைசி வீட்டு குமரேசன், அவர் மனைவி ரேணுகாம்பாள், அவர்களுடைய மருமகள் பூஜா, சமையல் மாஸ்டர் கோபி. ஆக ஏழு பேர். எட்டாவதாக யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் அவரவர் வேலையாக வேறெங்கோ இருந்தவர்கள்.

கிரிவலப் பாதையோர ஊரான அடி அண்ணாமலையில் இந்த மூன்று வீட்டுப் பங்காளிகளுக்கும் பொதுவாகத் தொண்ணூற்றைந்து பாத்திரங்கள் உண்டு. அண்டா, குண்டான், தவலை, வாளி, தாம்பாளம், கரண்டி எல்லாம் சேர்த்து. கல்யாணமானாலும் கருமாதியானாலும் மூன்று வீட்டுக்கும் இவைதான். வருடத்துக்கு ஒருமுறை, சித்ரா பௌர்ணமியன்று, கிரிவலம் வருகிறவர்களுக்கு அன்னதானம் செய்ய இவை தெருவுக்கு வரும். ஒவ்வொன்றின் வெளிப்பக்கமும் வாங்கிப் போட்டவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். எல்லாவற்றிலும் பெரிய பித்தளை அண்டாவில் ‘உபயம் மு. வேடியப்பன்’ என்று இருக்கும். அவர் அருணகிரியின் அப்பா.

அறைச் சாவி மூன்று தலைமுறையாக மூத்த வீட்டில் இருக்கிறது. அருணகிரி அதை அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தார். போன வருடம் ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றார்கள். அருணகிரி ஸ்கேன் எடுக்காமல் திரும்பி வந்தார்.

அன்றைய கூட்டம் ஒரு ஜல்லிக்கரண்டியைப் பற்றியது. தொண்ணூற்றைந்தில் ஒன்று குறைந்தது. கார்த்திகை தீபத்துக்கு முன்பு இருந்தது, பிறகு இல்லை.

“ஒரு ஜல்லிக்கரண்டிதானேண்ணா, போனா போவுது,” என்றார் குமரேசன். போகட்டும் என்று விடுகிறவரின் குரல் இல்லை அது.

“போறதுக்கு அது இன்னா கோழியா?” என்றார் அருணகிரி.

“அதான் நானும் கேக்கறேன். பூட்டு அப்படியே இருக்குது. சாவி உங்க இடுப்புல இருக்குது. கரண்டி மட்டும் இல்லை.”

அருணகிரி இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுபத்தொரு வயதில் முதுகு வளையாமல் உட்காருவது எப்படி என்று பார்க்க விரும்புகிறவர்கள் அவரை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

குமரேசன் தன் மருமகள் பக்கம் திரும்பினார். பூஜா கீழ்பென்னாத்தூர்ப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் சரக்கு இருப்பைப் பார்க்கிற வேலை. திங்கட்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயந்திரம் வருவாள். “நீ சொல்லும்மா, உங்க கம்பெனியில எப்படின்னு.”

“எல்லா சாமானுக்கும் ஒரு டேக் ஒட்டிடுவோம் பெரிய மாமா,” என்றாள் பூஜா. அவள் அருணகிரியைப் பார்த்தே பேசினாள். “உள்ள ஒரு சின்ன சிப்பு இருக்கும். ரீடரை நீட்டினா ரேடியோ அலையில அது தன் நம்பரைச் சொல்லும். பேட்டரி கூட வேணாம். வாசல்ல நின்னுகினே எது உள்ள இருக்குது, எது வெளிய போச்சுன்னு பாத்துடலாம்.”

“பாத்திரம் பேசுமா?” என்றார் அப்பாசாமி. அவருக்கு எண்பத்து மூன்று வயது, காது பாதி.

“கேட்டா பதில் சொல்லும் தாத்தா.”

“பரவால்லையே. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இல்லாத பழக்கம்.”

“கேக்கறதுக்கு ஆள் இருந்தா நாங்களும் சொல்லுவோம்,” என்றாள் தங்கம்மாள்.

அருணகிரி யோசித்தார். வேண்டாம் என்றால் பயந்துவிட்டதாக ஆகும். சரி என்றால் மூன்று தலைமுறையாகப் பாத்திரங்களை எண்ணிய கண்கள் பழுது என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். இரண்டிலும் அவமானம் இருந்தது. எனவே, இந்த யோசனையே தன்னுடையது என்பதுபோலப் பேசுவது என்று முடிவு செய்தார்.

“டேக் ஒட்டணும்,” என்றார். “கட்டாயம் ஒட்டணும். இந்த சித்ரா பௌர்ணமிக்கே ஒட்டணும். அந்த மெஷின் ஒரே ஒரு சாமான் கம்மின்னு சொன்னாக்கூட, சாவி உன் வீட்டுக்குடா குமரேசா.”

“சேச்சே, இன்னாண்ணா இது,” என்ற குமரேசன், உடனே அப்பாசாமியின் காதருகே குனிந்தார். “சித்தப்பா, அண்ணன் சொன்னது கேட்டுதா? ஒன்னு கம்மியானா சாவி எங்க வீட்டுக்காம்.”

“கேட்டுது, கேட்டுது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூஜா ரீடரோடு வந்தாள். கம்பெனியில் கழித்துப் போட்ட பழையது. முறையாக எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தாள். துப்பாக்கி மாதிரி பிடி இருந்தது. டேக்குகள் தீப்பெட்டியில் பாதி அளவுக் கருப்புப் பட்டைகள். சாதாரண ஸ்டிக்கர் டேக் உலோகத்தில் வேலை செய்யாது, அதனால் பாத்திரத்துக்கென்று தடியானவையாக வாங்கி வந்ததாகச் சொன்னாள்.

ரேணுகாம்பாள் ரீடரை வாழையிலையில் வைத்துக் கற்பூரம் காட்டினாள். சந்தனம் வைத்தாள். குங்குமத்தை அதன் கண்ணாடித் திரை மேலேயே வைத்தாள். நல்ல காரியத்தில் யாரும் அதைத் துடைக்கச் சொல்லவில்லை. அன்று முழுவதும் பூஜா எண்களில் பாதியை ஒரு சிவப்பு வட்டத்தைச் சுற்றி எட்டிப் பார்த்தே படித்தாள்.

பிரச்சினை முதல் பாத்திரத்திலேயே வந்தது. பூஜா பெரிய அண்டாவின் வெளிப்பக்கத்தில், கழுத்துக்குக் கீழே, ஒரு டேக்கை வைத்துப் பார்த்தாள்.

“எடு,” என்றார் அருணகிரி.

“ஏன் பெரிய மாமா?”

“எங்கப்பா பேர் மேல ஒட்டற.”

அவள் ஒரு சாண் தள்ளி வைத்தாள். அங்கே ‘உபயம்’ இருந்தது. உபயம் மறைந்தால் வெறும் பெயர் நிற்கும். அண்டாவை யாரோ வேடியப்பனுக்குக் கொடுத்ததாகக்கூடப் பின்னால் படிப்பார்கள். இன்னும் தள்ளினால் அங்கே வெட்டியிருந்த வருடம் மறைந்தது. வருடம் மறைந்தால், இதை வாங்கிய பிறகுதான் நடு வீட்டில் குண்டான் வாங்கினார்கள் என்ற உண்மை மறைந்துவிடும். அப்பாசாமியும் தன் பங்குக்குத் தன் தகப்பன் பெயர் மறையக் கூடாது என்றார். குமரேசனின் தாத்தா தன் பெயரை வாளியைச் சுற்றி முழு வட்டமாக வெட்டியிருந்தார், ஒரு விரல் வைக்கக்கூட இடமில்லாமல்.

“அப்போ காது வளையத்துல கட்டிடலாம்,” என்றாள் பூஜா. “அதுக்குன்னு தொங்கற டேக் இருக்குது. நெருப்பும் படாது.”

“ஆஸ்பத்திரியில பொணத்தோட கட்டைவிரல்ல கட்டற மாதிரியா?” என்றாள் ரேணுகாம்பாள். அதற்கு மேல் வளையத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

உள்பக்கம் சோறு. வெளிப்பக்கம் முன்னோர். மிச்சம் இருந்தது அடிப்பக்கம்.

“அடியில ஒட்டு,” என்றார் அருணகிரி.

“அடியில நெருப்பு படும் பெரிய மாமா. எரிஞ்சிடும்.”

“படாது. விறகு அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடி அடியில மண்ணு பூசறோம் இல்ல? மத்தவங்க கரி ஒட்டாம இருக்க ஏதோ பேருக்குப் பூசுவாங்க. நம்ம வீட்டு வழக்கம் ஒரு விரல் கனம். அதைத் தாண்டி நெருப்பு உள்ள போவாது.”

“சூடு போவுமே.”

“போவாதுன்னு சொல்றேன் இல்ல? இது என் வாக்கு.”

கோபி மாஸ்டர் தலையைச் சொறிந்தார். முப்பது வருடமாக அடுப்பருகே நிற்கிறவர். ஆனால் வைகாசியில் இந்தக் குடும்பத்தின் காதுகுத்துச் சமையல் ஒன்று அவர் கையில் இருந்தது. சொறிந்ததோடு நிறுத்திக்கொண்டார்.

பூஜா தொண்ணூற்று நான்கு டேக்குகளையும் அருணகிரி சொன்ன இடத்திலேயே ஒட்டினாள். ஒவ்வொன்றுக்கும் மெஷினில் பெயர் ஏற்றினாள். பெரிய அண்டாவுக்கு அருணகிரி சொன்ன பெயர், ‘மூத்த வீட்டு அமரர் மு. வேடியப்பன் அவர்கள் உபயம் செய்த பெரிய பித்தளை அண்டா’.

“இருபத்து நாலு எழுத்துதான் ஏறும் பெரிய மாமா. கொஞ்சம் வெட்டணும்.”

“எங்கப்பா பேரையா வெட்டுவ?”

கடைசியில் அப்பா பெயர் முழுதாக நின்றது. அண்டா என்ற சொல்தான் வெட்டுப்பட்டது. மெஷினைப் பொறுத்தவரை வேடியப்பனே அறைக்குள் இருந்தார்.

எல்லாவற்றையும் வழக்கம்போல ஒன்றன் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கிவிட்டு வாசலில் நின்று ரீடரை நீட்டியபோது அறுபத்தொன்று என்று வந்தது. ரேணுகாம்பாள் கன்னத்தில் கை வைத்தாள். உலோகத்துக்குள் உலோகம் போனால் அலை உள்ளே போகாது என்று சொல்லி, பூஜா எல்லாவற்றையும் பிரித்துத் தனித்தனியாக வைக்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் பிரித்தார்கள். தொண்ணூற்று நான்கு வந்தது.

“கண்ணால எண்ணினா பத்து நிமிஷம்,” என்றார் அருணகிரி.

“கணக்கு சரி!” என்று கூவினார் குமரேசன். “ஒன்னு கூட கம்மி இல்லை!”

டேக் இல்லாத காரணத்தால், காணாமல் போன ஜல்லிக்கரண்டி மெஷினுக்குத் தெரியவில்லை. அது அந்தக் குடும்பத்தில் பிறக்கவே இல்லை என்று ஆகிவிட்டது. எந்தக் கரண்டிக்காக எல்லாம் தொடங்கியதோ அந்தக் கரண்டியைப் பற்றி அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

சித்ரா பௌர்ணமியன்று நாற்பது பாத்திரங்கள் வெளியே போயின. பூஜா லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் ரீடரோடு நின்றாள். நாற்பதும் மெஷினில் ஏறின. அவற்றில் பதினேழு அடுப்புக்கு. இருபத்து மூன்று பரிமாறவும் தண்ணீருக்கும். கிரிவலப் பாதையோரம் பந்தலில் காலை ஆறு மணிக்குக் கோபி மாஸ்டர் அடுப்பு மூட்டினார். அருணகிரி தன் கையாலேயே அண்டாவின் அடியில் மண் பூசினார். ஒரு விரல் கனம் என்று சொன்னவர், அன்று ஒன்றரை விரல் கனம் பூசினார்.

ஏழு மணிக்கு நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். முதலில் லேசாக வந்தது. பிறகு வெண்பொங்கலின் மிளகு வாசனையையே மீறிக்கொண்டு வந்தது.

கோபி மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். அண்டாவைப் பார்த்தார். பிறகு அருணகிரியைப் பார்த்தார்.

“குப்பை எரிக்கறாங்க,” என்றார் அருணகிரி.

“எங்க அய்யா?”

“ரமணாசிரமம் பக்கமா.”

“அவ்ளோ தொலைவுல இருந்தா வருது?”

“காத்து இந்தப் பக்கம்தான்.”

காற்றே இல்லை. பந்தல் தோரணம் ஓர் இலைகூட அசையவில்லை. அது கோபி மாஸ்டருக்கும் தெரிந்தது, அருணகிரிக்கும் தெரிந்தது. பதினேழு அடுப்புகளிலும் பதினேழு டேக்குகள் உருகிக்கொண்டிருக்கின்றன என்பதும் அருணகிரிக்கு அந்த நிமிடத்திலேயே தெரிந்துபோயிற்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து “தள்ளாம வாங்க, எல்லாருக்கும் உண்டு” என்று சொல்லப் போய்விட்டார். இரண்டாயிரம் பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். பொங்கலில் ஒரு புது வாசனை இருப்பதாக ஒருவர் சொன்னார். அவர் சேலத்துக்காரர் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்பது பாத்திரங்களும் டிராக்டரில் திரும்பி வந்தன. அன்றும் இருந்தவர்கள் அதே ஏழு பேர்தான். பூஜா ஒவ்வொன்றாக ரீடரைக் காட்டினாள். இருபத்து மூன்று என்று வந்தது. பின்னால் போய்க் காட்டினாள், பக்கத்தில் போய்க் காட்டினாள். இருபத்து மூன்றுதான். மெஷின் திரையில் சிவப்பில் ஒரு பட்டியல் வந்தது: ‘திரும்பாதவை 17’. முதல் வரியில் மூத்த வீட்டு வேடியப்பன் இருந்தார்.

வேடியப்பன் அண்டா எல்லோருக்கும் முன்னால், வாசலில், வெயிலில் மின்னிக்கொண்டு நின்றது. அடிப்பிடித்த சோறு ஊறட்டும் என்று அதில் முக்கால் வரை தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

“அண்ணா,” என்றார் குமரேசன், “பெரிய அண்டா வரலையே.”

“இதோ நிக்குது.”

“மெஷின்ல வரலை.”

“கண்ணெதிர்ல நிக்குதுடா!”

“நிக்குதுதான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா மெஷின்ல வரலையே.”

அப்பாசாமி எழுந்து வந்து அண்டாவை விரல் மடக்கித் தட்டினார். டொக் என்றது. “சத்தம் மாறியிருக்குடா,” என்றார். “இது ணங்குன்னு கேக்கும்.”

“தண்ணி ஊத்தியிருக்குது தாத்தா,” என்றார் கோபி மாஸ்டர்.

“தண்ணி ஊத்தினா சத்தம் மாறுமா?”

“மாறும்.”

“எனக்கென்னமோ அண்டாவே மாறின மாதிரி இருக்குது.”

அந்தச் சொல் விழுந்ததும் குமரேசன் நிமிர்ந்தார். அதுவரை அவருக்கு அப்படியொரு எண்ணம் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எண்ணம் வந்த பிறகு அவரைத் தடுக்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

“அண்ணா, ஒன்னு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. மண்ணு பூசினா டேக்குக்கு நெருப்பு படாதுன்னு சொன்னது யாரு?”

“நான்தான்.”

“உங்க வாக்கு என்னிக்காவது பொய்யாயிருக்குதா?”

“இல்லை.”

“இல்லை. எங்களுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். அப்போ டேக் எரியலை. எரியாத டேக் மெஷின்ல வரணும். வரலைன்னா இது அந்த அண்டா இல்லை. பேரு யாரு வேணா புதுசா வெட்டிக்கலாம். ஒரு நாள் வேலை.”

“செங்கம் ரோட்டுல, வெள்ளைக்காரங்க காபி குடிக்கற கடைங்கள்ல பழைய பித்தளைக்கு ஏக கிராக்கியாம்,” என்றாள் ரேணுகாம்பாள் பொதுவாக, யாரையும் பார்க்காமல். “அண்டாவுல தாமரை வளக்கறாங்களாம்.”

“மாமா, அது இன்னான்னா...” என்று பூஜா தொடங்கினாள்.

“நீ மெஷினைப் பாரும்மா. பெரியவங்க பேசிகினு இருக்கோம்.”

பூஜா வாயை மூடிக்கொண்டாள். ஆனால் மெஷினைப் பார்க்கவில்லை, அருணகிரியைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியும். அருணகிரிக்கும் அது தெரியும் என்பதையும் அவள் அறிந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. அவள் சொல்லியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் மாமனாரின் அண்ணனைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டிருந்தாள். அந்த மரியாதை அவருக்குச் செருப்பில் ஏறிய முள்ளாக இருந்தது.

அருணகிரி நின்றார். அவருக்கு இருந்த வழி இரண்டு. பேசாமல் இருந்தால் வாக்கு நிற்கும். அவர் திருடன் ஆவார். பேசினால் கை சுத்தமாகும், வாக்கு விழும். எந்த மனிதனும் உடனே இரண்டாவதைத் தேர்ந்திருப்பான் என்று நினைப்பவர்களுக்கு மூத்த வீட்டைப் பற்றித் தெரியாது. திருடன் என்றால் ஊர் பயப்படும், விவரமானவன் என்று உள்ளுக்குள் மெச்சவும் செய்யும். மருமகள் சொன்னதைக் கேட்காமல் பதினேழு டேக்குகளைப் பொங்கலோடு சேர்த்து வேகவைத்தவன் என்றால் சிரிக்கும். அருணகிரி ஏறக்குறைய இரண்டு நிமிடம் திருடனாகவே இருந்துவிடத் தயாராக இருந்தார்.

குமரேசன் அதோடு விட்டிருந்தால் அப்படியே போயிருக்கும். அவர் குனிந்து, அண்டாவில் வெட்டியிருந்த எழுத்துகளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

“பாருங்க சித்தப்பா, ‘வே’ எவ்ளோ கூரா இருக்குது. இது பெரியப்பா காலத்து வெட்டா? யாரோ கூலிக்காரன் போன மாசம் வெட்டினது.”

அருணகிரி வேட்டியை மடித்துக் கட்டினார்.

அண்டாவின் இரண்டு காதுகளையும் பிடித்தார். கோபி மாஸ்டர் ஓடி வருவதற்குள் அதைச் சாய்த்துக் கவிழ்த்துவிட்டார். ஊறிய சோற்றுப் பருக்கைகளோடு அண்டாத் தண்ணீர் முழுவதும் குமரேசனின் பாதங்களை நனைத்துக்கொண்டு, ரேணுகாம்பாளின் புடவைக் கரையைத் தொட்டு, அப்பாசாமியின் நாற்காலிக்கு அடியில் போய்த் தேங்கியது. யாரும் நகரவில்லை. அருணகிரி கோபி மாஸ்டரின் இடுப்பிலிருந்த தோசைத்திருப்பியை உருவி, கவிழ்ந்த அண்டாவின் அடியில் இருந்த மண்ணைச் சுரண்டினார். வெந்த மண் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அதற்கு அடியில், காய்ச்சும்போது தீய்ந்துபோன வெல்லப்பாகு மாதிரி, கருப்பாக ஒன்று பித்தளையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அண்டா அதே அண்டா,” என்றார் அருணகிரி. “என் வாக்குதான் பொய்.”

கேட்காதவர்போல அப்பாசாமி காதில் கை வைத்தார்.

“என் வாக்கு பொய் சித்தப்பா!” என்று அருணகிரி இன்னும் உரக்கச் சொன்னார். “மண்ணு காக்கலை. இந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சு, நான்தான் கேக்கலை. நேத்து காலையில நாத்தம் வந்தப்பவே எனக்குத் தெரியும். கோபி கேட்டதுக்குக் குப்பை எரிக்கறாங்கன்னு சொன்னேன். அதுவும் பொய்.”

கோபி மாஸ்டர் வானத்தைப் பார்த்தார்.

முதலில் பேசியவர் அப்பாசாமி. “இன்னாடா அருணகிரி, இப்படிச் சொல்லிட்ட,” என்றார், உண்மையான துக்கத்தோடு. “அண்டாவை வித்துட்டேன்னு சொல்லியிருந்தாக்கூட மூணு வீட்டுக்குள்ள மூடி வெச்சிருப்போம். வாக்கு பொய்ன்னா எப்படிடா மூடறது?”

பூஜாவும் கோபி மாஸ்டரும் மற்றப் பதினாறையும் கவிழ்த்தார்கள். பதினாறின் அடியிலும் அதே கருப்பு. குமரேசன் ஈரக் காலைத் துண்டால் துடைத்தார். சற்று நேரம் அவர் முகத்தில் வெட்கம் போல ஒன்று இருந்தது. பிறகு அது போய்விட்டது.

“சரிண்ணா, அண்டா நம்ம அண்டாதான், நான் ஒத்துக்கறேன்,” என்றார். “ஆனா மெஷின் பதினேழு கம்மின்னுதான் சொல்லுது. ஒன்னு கம்மியானாலும்னு நீங்கதான்...”

“கால்ல ஊத்தினது போதலையா உனக்கு?” என்றாள் தங்கம்மாள்.

“நீ இரு,” என்றார் அருணகிரி. அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். நாற்பது வருட முடிச்சு, லேசில் அவிழவில்லை. யாரும் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் கையை உதறியிருப்பார். குமரேசன் முதுகை வளைத்து, இரண்டு கைகளையும் சேர்த்துப் பிரசாதம் வாங்குகிறவர்போல நீட்டினார்.

அருணகிரி அந்தக் கைகளைத் தாண்டிப் போய்ச் சாவியைப் பூஜாவின் கையில் வைத்தார்.

“அண்ணா!”

“ஒரே நாள்ல ரெண்டு வாக்கைப் பொய்யாக்கற பழக்கம் எங்க வீட்டுல இல்லை. உன் வீட்டுக்குத்தான் தரேன். யார் சொன்னது சரியோ அவங்க கையில தரேன்.”

“மாமியார் நான் குத்துக்கல்லு மாதிரி நிக்கறேன்,” என்றாள் ரேணுகாம்பாள்.

“நிக்கறது தெரியுது,” என்றாள் தங்கம்மாள். “அது ஒன்னுக்கு மெஷின் வேணாம்.”

பூஜா சாவியைப் பார்த்தாள். வேண்டாம் என்று மறுப்பாள், அப்போது இடையில் புகுந்து வாங்கிக்கொள்ளலாம் என்று குமரேசன் எதிர்பார்த்தார். அவள் மறுக்கவில்லை.

“வாங்கிக்கறேன் பெரிய மாமா,” என்றாள். “ஆனா இனிமே டேக் காது வளையத்துலதான்.”

“கட்டிக்கோ,” என்றார் அருணகிரி. கொஞ்சம் பொறுத்து, “தொங்கறப்போ எங்கப்பா பேர் மேல படுமா?”

“படாது. கயிறு சின்னதா போடறேன்.”

“சரி.”

திங்கட்கிழமை விடியற்காலையில் பூஜா பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஐந்து நாள் சாவியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. ரேணுகாம்பாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பூஜா அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தெரு தாண்டிப் போய்ச் சாவியைத் தங்கம்மாளிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக ஒரு நோட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வாள், அதற்கும் கையெழுத்து உண்டு. இப்படி வாரத்தில் ஐந்து நாள் சாவி மூத்த வீட்டில்தான் இருக்கிறது. ஆனால் அருணகிரியிடம் இல்லை. வைகாசியில் அப்பாசாமியின் கொள்ளுப்பேத்திக்குக் காதுகுத்து ஒரு புதன்கிழமை வந்தது. பாத்திரம் எடுக்கத் தங்கம்மாள் பூட்டைத் திறந்தாள். அருணகிரி வாசலுக்கு வெளியே நின்றபடி, ஒவ்வொன்றும் வெளியே வரும்போது கண்ணால் எண்ணினார். எண்ணி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. வேடியப்பன் அண்டாவின் அசல் வேறு, இப்போது அறையில் இருப்பது போலி, அசலை அருணகிரி தன் வீட்டுக் கிணற்றில் இறக்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தம் வரைக்கும் பேச்சு இருக்கிறது. அருணகிரி வீட்டில் கிணறு கிடையாது. போர்வெல்தான் இருக்கிறது. அதன் வாய் ஆறரை அங்குலம்.